கரண்டியும் சிலுவையும்

எனக்குப் பதினொரு வயது நடந்துகொண்டிருந்த ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், அயர்லாந்திலிருந்து மாமாவும் நியூசிலாந்திலிருந்து சித்தியும் ஒரே வாரத்தில் மலேசியாவில், ஜோகூரின் தம்போயில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். குளுவாங்கில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். கல்யாணம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. இவர்கள் இருவரும் ஊருக்குக் கிளம்புகிற பேச்சையே எடுக்கவில்லை. உண்மையான காரணம் நான்தான் என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை, எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மாமா அம்மாவுக்கு அண்ணன், சித்தி தங்கை. நடுவில் பிறந்த பாவத்துக்கு இரண்டு பக்கமும் சமாதானம் பேசியே அம்மாவுக்குப் பாதி ஆயுசு போயிருந்தது. அதற்கு முந்தைய வருடம் அப்பா இறந்துபோனார். அம்மா பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விடிவதற்கு வெகுநேரம் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும். நடுவில் என்னைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் எல்லோருக்கும் அவர் மக்சிக். பிள்ளையை இப்படி விடக்கூடாது, கூட்டிக்கொண்டு போய்ப் படிக்க வைக்க வேண்டும் என்று மாமா அங்கேயிருந்து முடிவு செய்திருந்தார். சித்தியும் இன்னொரு கோடியிலிருந்து அச்சு அசலாக அதையே முடிவு செய்திருந்தார். யார் கூட்டிக்கொண்டு போவது என்பதில்தான் சண்டை.

எனக்கு இதில் ஒரு துளிகூட வருத்தம் இல்லை. வகுப்பில் ஜோகூரைத் தாண்டிப் போகாத பிள்ளைகள் பாதிப்பேர் இருந்தார்கள். எனக்கோ இரண்டு நாடுகள் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. எந்த நாட்டுக்குப் போவது என்பதை வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று நான் இருந்தேன்.

வானப் பைத்தியம் எனக்கு அந்த வருடம்தான் பிடித்தது. அறிவியல் பாடத்தில் நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றி நான்கு பக்கம் வந்தது. ஆசிரியர் அதை ஒரே நாளில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. பள்ளி நூலகத்தில் வானத்தைப் பற்றி இருந்த ஒரே ஒரு புத்தகம் என் வீட்டிலேயே குடியிருந்தது. அம்மா வேலை முடிந்து வந்து சோறு சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அன்றைய தினத்துக்கான நட்சத்திரச் செய்திகளை வாசிப்பேன். அம்மா "ம்" கொட்டிக்கொண்டே சாப்பிடுவார். சில நாள் சாப்பிட்டபடியே கண்ணை மூடிவிடுவார், ஆனால் "ம்" மட்டும் நிற்காது.

இது தொலைபேசி வழியாக இரண்டு கண்டங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதனால்தான் மாமாவும் சித்தியும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், எனக்கு ஒரே பரிசை வாங்கி வந்தார்கள். நட்சத்திர வட்டு. இரண்டு அட்டை வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று சுழலும். தேதியையும் மணியையும் பொருத்தினால், மேலே வெட்டியிருக்கும் முட்டை வடிவ சன்னலில் அந்த நேரத்து வானம் வந்து நிற்கும். முதலில் மாமா பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று நாள் கழித்து வந்த சித்தி, பெட்டியைத் திறந்து அதையே எடுத்தபோது மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

"இவளுக்கு ஒண்ணு போதாதா?" என்றார் மாமா.

"நீங்க வாங்கினது தெரியாதுல்ல அண்ணே. தெரிஞ்சாலும் வாங்கியிருப்பேன்" என்றார் சித்தி.

அன்று ராத்திரி படுக்கையில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு வட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தேதிக்கும் ஒரே மணிக்கும் திருப்பினேன். திருப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். இரண்டும் வேறு வேறு வானம். மாமாவின் வட்டில் ஏழு நட்சத்திரங்களால் ஆன சப்தரிஷி மண்டலம், மாமா 'கரண்டி' என்று சொல்வது, எந்தத் தேதிக்குத் திருப்பினாலும் சன்னலை விட்டுப் போகவே இல்லை. துருவ நட்சத்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆனால் தென்சிலுவை அந்த அட்டையிலேயே அச்சடிக்கப்படவில்லை. சித்தியின் வட்டில் சிலுவைதான் ராணி, வருடம் முழுக்க இறங்காமல் நின்றது. கரண்டியைத் தேடித் தேடிப் பார்த்தேன். துருவ நட்சத்திரத்தையும் தேடினேன். அவர்கள் ஊரில் அப்படி ஒன்று கிடையாது.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றார் சித்தி. "சிலுவை இருக்கிற ஊரு. கொடியிலயே போட்டிருக்கோம். மாதா கோயிலுக்குப் போற குடும்பத்துப் பிள்ளை, சிலுவை தெரியாத ஊர்ல போயி என்ன பண்ணும்?"

"துருவ நட்சத்திரம் இல்லாத ஊர்ல வடக்கு எதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் மாமா. "வேட்டைக்காரன் கூட்டத்தை எடுத்துக்க. எங்க ஊர்ல ஆம்பள மாதிரி நேரா நிப்பான். உங்க ஊர்ல தலைகீழா தொங்குவான்."

"எங்க ஊர்ல அது வேட்டைக்காரனே இல்ல. அவன் இடுப்புப் பட்டையும் வாளும் சேர்ந்து ஒரு சட்டி. எல்லாரும் சட்டின்னுதான் சொல்லுவாங்க."

"அலமாக், வேட்டைக்காரனைப் பிடிச்சுச் சட்டி ஆக்கிட்டாங்களா" என்று மாமா சாம்பாரை ஊற்றிக்கொண்டார்.

இவர்கள் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. இவ்வளவு பெரியவர்கள் வானத்துக்காக இவ்வளவு சூடாகச் சண்டை போடுகிறார்களே என்று எனக்குப் புல்லரித்தது. அம்மா மட்டும் யாருக்கு இன்னும் அப்பளம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் நூலகப் புத்தகத்தில் நான் அதுவரை கவனிக்காமல் விட்டிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, வருடத்தில் எப்போதாவது ஒரு சமயம், இரு பக்கத்து நட்சத்திரங்களும் ஏறக்குறைய எல்லாமே தெரியும். நாங்கள் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தோம். சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தில் ஜோகூர் அந்தக் கோட்டின் தலையில் ஏறக்குறைய உட்கார்ந்திருந்தது. வட்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுழற்றினேன். கரண்டி உச்சியில் ஏறுகிற நேரமும் சிலுவை நிமிர்ந்து நிற்கிற நேரமும் ஒன்றாக வருகிற மாதத்தைத் தேடினேன். வந்தது. ஜூன். இரவுச் சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில். அதாவது இப்போது, எங்கள் வீட்டுக்கு மேலே.

நான் கத்திக்கொண்டே ஓடிய ஓட்டத்தில் மக்சிக் என்னமோ ஏதோ என்று வேலிக்கு வந்துவிட்டார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். சிலுவையை அட்டையில் பார்த்துவிட்டு, அது சிலுவை இல்லை, பாரி என்றார். பாரி என்றால் திருக்கை மீன். மலாயில் அந்தக் கூட்டத்துக்கு அதுதான் பெயர். நல்ல மிளகாய்ச் சம்பல் தடவி வாழையிலையில் சுட்டால் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

தம்போயில் நட்சத்திரம் பார்ப்பது நடக்காது. தெருவிளக்கும் பட்டறை விளக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரின் வெளிச்சமும் சேர்ந்து எங்கள் வானம் எப்போதும் தேநீர் நிறத்தில் இருக்கும். இருட்டு வேண்டும் என்றேன். பண்டார் தெங்காரா பக்கம் போனால் செம்பனைக் காட்டுக்கு நடுவே எவ்வளவு இருட்டு வேண்டுமானாலும் கிடைக்கும் என்றார் மாமா. சித்தி அவ்வளவு தூரம் எதற்கு என்றார். அப்போதுதான், பொதுவாக எதிலும் கருத்துச் சொல்லாத அம்மா சொன்னார்: "சனிக்கிழமை எனக்கு லீவு. எல்லாரும் போலாம். ஒரே கார்ல."

சனிக்கிழமை சாயங்காலம் மழை கொட்டியது. நான் சன்னலிலேயே நின்றேன். வழக்கமாக மழைக்குப் பிறகு எங்கள் ஊர் வானம் ஈரத்துணி போலத்தான் கிடக்கும். மழை விட்டதும் மாமா, "இன்னைக்கு வேஸ்ட்தான்" என்றார். அம்மா எழுந்து, அப்பாவின் பழைய காரின் சாவியை எடுத்து மாமாவின் கையில் வைத்தார். முன்னால் சித்தியை உட்காரச் சொன்னார். பின்னால் நாங்கள் இருவரும் ஏறிக்கொண்டோம். மடியில் இரண்டு வட்டுகள், ஒரு டார்ச், ஒரு பாக்கெட் முறுக்கு.

கூலாயைத் தாண்டி ஓரிடத்தில் தேநீர் குடிக்க நிறுத்தினார்கள். மேற்கே மேகம் கொஞ்சம் கிழிந்து, கடைக் கூரைக்கு மேலே மெல்லிய பிறை தெரிந்தது. அடிப்பக்கம் மட்டும் ஒளிர, ஒரு படகு போல.

"இது என்ன இப்படி இருக்கு" என்றார் மாமா. "எங்க ஊர்ல வளர்பிறை வலது பக்கமா வளைஞ்சு நிக்கும்."

"இடது பக்கமா" என்றார் சித்தி.

"வலதுதாம்மா. நான் தினமும் பாக்குறேன்."

"நானும்தான் பாக்குறேன். வலது பக்கம் இருந்தா அது தேய்பிறை."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டு பேருமே சரி, இரண்டு பேரும் ஒரே நிலாவை எதிர் எதிர்ப் பக்கம் தலை வைத்துப் பார்க்கிறார்கள், நாம் நடுவில் நின்று பக்கவாட்டில் பார்க்கிறோம் என்று கையைக் காலை ஆட்டி விளக்கினேன். கடையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர்கூட வெளியே வந்து நிலாவைப் பார்த்துவிட்டுப் போனார். அம்மா தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு பேரும் அதைப் பிடிச்சு உங்க உங்க பக்கம் நிமித்துறீங்க. இங்க அது படுத்துக் கிடக்கு. அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே."

மாமா தேநீருக்குக் காசு கொடுக்கப் போனார்.

பண்டார் தெங்காராவுக்குக் கொஞ்சம் முன்னால் மாமா ஒரு கிளைச்சாலையில் திருப்பினார். இரண்டு பக்கமும் செம்பனை. காரை ஒரு மேட்டில் நிறுத்தி விளக்கை அணைத்ததும் என் கையே எனக்குத் தெரியவில்லை. தவளைச் சத்தம் காதை அடைத்தது. நிலா அதற்குள் இறங்கிவிட்டது. மேலே மேகம். நான் வட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

காற்றுதான் எங்களைக் காப்பாற்றியது. முதலில் தெற்கே திறந்தது. மரங்களின் தலைக்கு மேலே இரண்டு பெரிய நட்சத்திரங்கள், அவற்றுக்கு வலது பக்கத்தில், நான் அட்டையில் மட்டுமே பார்த்திருந்த நான்கு புள்ளிகள். நேராக, ஆணி அடித்து மாட்டியதுபோல் சிலுவை.

"அதோ" என்றார் சித்தி. குரலே மாறிவிட்டது. "அதோ பாரு. இவ்வளவு கீழ இருக்கு. எங்க வீட்டுக்கு நேர் மேல இருக்கும், இங்க என்னடி இது மரத்துல உக்காந்திருக்கு."

மாமாவும் சித்தியின் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "நான் ஊரை விட்டுப் போனதுலேருந்து இதைப் பாக்கவே இல்ல" என்றார். அதற்கு முன்னும் எத்தனை முறை பார்த்தார் என்று சந்தேகம்தான். ஆனால் அவர் சொன்ன விதத்தைக் கேட்டு, சித்தி விரலை நீட்டி நான்கு புள்ளிகளையும் அவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

வடக்கு இன்னும் மூடியே இருந்தது. நான் காரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். மாமா தோற்றுவிடுவாரே என்று எனக்கு அடித்துக்கொண்டது. வடக்கு திறக்காவிட்டால் என் கண்டுபிடிப்பே பாதிதான். "இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தேன். அவர்கள் யாருமே கிளம்பலாம் என்று சொல்லவில்லை. முறுக்கு ஒரு சுற்று வந்தது.

பிறகு மேகம் ஒரு போர்வையைச் சுருட்டுவதுபோல் ஓரத்திலிருந்து விலகியது. ஒன்று, இரண்டு, வளைந்த கைப்பிடி, பிறகு கிண்ணம். ஏழும் வந்துவிட்டன. நான் எழுப்பிய சத்தத்தில் தவளைகள் நின்றுவிட்டன.

"தலைகீழா இருக்கு" என்றார் மாமா. "குழம்பெல்லாம் கொட்டிடும் போலிருக்கே." அவர் வடக்குப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, நேராகத் தெரிகிறதா என்று பார்த்தார். வழுக்கி விழப் போனவரைச் சித்திதான் பிடித்தார். பிடித்த கையோடு சித்தியும் அதே மாதிரி பின்னால் சாய்ந்து பார்த்தார்.

கிண்ணத்தின் ஓரத்து இரண்டு நட்சத்திரங்களைக் கோடு போட்டு இழுத்தால் துருவ நட்சத்திரம் வர வேண்டும். இழுத்தோம். கோடு நேராகச் செம்பனை மரங்களுக்குள் போய் இறங்கியது. அது இருக்கிறது, ஆனால் தரையோடு தரையாக இருக்கிறது, மரத்தையும் மேகத்தையும் எடுத்துவிட்டால் தெரியும் என்று மாமாவுக்கு ஆறுதல் சொன்னேன். "பரவால்ல, அது அங்கதானே இருக்கு" என்றார்.

பிறகு அவர்கள் இருவரும் நின்ற இடத்திலேயே சுற்றினார்கள். தெற்கே பார்த்தார்கள், வடக்கே பார்த்தார்கள். ஒருவர் வீட்டில் தெரியாதது மற்றவர் வீட்டில் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் தெரிய, அவர்கள் நடுவில் நின்றிருந்தார்கள். சித்தி வட்டை மாமா வாங்கிக்கொண்டார், மாமா வட்டைச் சித்தி. டார்ச்சை ஆளுக்கு ஆள் பிடுங்கிக்கொண்டு, "இதை இப்படித் திருப்பணும்லா" "இல்லண்ணே, அப்படி இல்ல" என்று சண்டை போட்டுக்கொண்டே சாலையோரம் கொஞ்ச தூரம் போய்விட்டார்கள். இது பகலில் போடுகிற சண்டை மாதிரி இல்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது.

அம்மா காரின் முன்பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்குறேன்" என்றார். "நீ மாமா ஊருக்குப் போயிட்டேன்னு வையி. அங்க நீ பாக்குற நட்சத்திரத்தை இங்கேருந்து நான் பாக்க முடியுமா? அதே நேரத்துல."

அம்மா வானத்தைப் பற்றித் தானாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் முறை. அதுவும் எவ்வளவு நல்ல கேள்வி.

"முடியும்மா" என்றேன். "நீங்க பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் இருக்குல்ல, அப்ப அங்க முந்தின நாள் ராத்திரி. இப்ப ஜூன்ல அங்க வெளிச்சம் போகாது. ஆனா டிசம்பர்ல இருட்டிடும். நீங்க மேற்க பாத்தா வேட்டைக்காரன் இறங்கிட்டிருப்பான். நான் கிழக்க பாத்தா அதே வேட்டைக்காரன் ஏறிட்டிருப்பான். ஒரே நேரத்துல பாக்கலாம்."

"தினமுமா?"

"மேகம் இல்லாட்டி தினமும். ஆனா அந்த மாசங்கள்ல மட்டும்."

"சித்தி ஊர்ல?"

"நீங்க வேலை முடிஞ்சு வர்றப்ப அங்க நடுராத்திரி. சிலுவை ரெண்டு பேருக்கும் தெரியும். நான் தூங்கிட்டிருப்பேன். அலாரம் வச்சு எழுந்துக்கலாம்."

அம்மா "ம்" என்றார். இது சாப்பிடும்போது கொட்டுகிற "ம்" இல்லை, முழுக்க விழித்திருந்த "ம்". பிறகு வடக்கையும் பார்க்கவில்லை, தெற்கையும் பார்க்கவில்லை. என் கையை மட்டும் விடவில்லை. வியர்க்கிறது என்று நான்தான் இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் முடிந்து வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொன்னார்: "பிள்ளை எங்கயும் போகல. இங்கயே இருக்கட்டும்."

நான் பெரிய ரகளைக்குத் தயாரானேன். ஆச்சரியம், மாமாவும் சித்தியும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா, "சரிம்மா" என்றார். சித்தி எழுந்து வந்து பாதி வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உரிக்கத் தொடங்கினார். அந்த வார இறுதியில் இருவரும் ஒரே நாளில் விமானம் ஏறினார்கள், ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே. அதற்குப் பிறகு அவர்கள் ஞாயிறு தவறாமல் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. வருடக் கடைசியில் அம்மா சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டுத் தம்போயிலேயே ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சேர்ந்தார். வீட்டில் கோழி கொஞ்சம் குறைந்தது, சாயங்காலத்தில் அம்மா இருந்தார். நான் அதை ஏதோ கம்பெனிக்காரர்கள் செய்த மாற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆறவே இல்லை. அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தேன். ஒரே நேரத்தில் ஒரே நட்சத்திரம் பார்க்க முடியும் என்று சொன்ன பிறகும் எப்படி ஒருவர் வேண்டாம் என்பார்? நான் சரியாக விளக்கவில்லை, இருட்டில் அம்மாவுக்குப் புரிந்திருக்காது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் இரண்டு பல்குத்தும் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன். பழத்தின் நடுவில் ஒரு குச்சியைக் குத்தி, இது நீங்க என்றேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே இன்னொன்று, இது நான். டார்ச் சூரியன். பழத்தை மெதுவாகச் சுழற்றி, எப்போது இரண்டு குச்சியும் இருட்டில் இருக்கும், எப்போது இருவரும் ஒரே பக்கத்து வானத்தைப் பார்ப்போம் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா கண்ணை மூடாமல் கேட்டார். முடித்ததும் என் குச்சியைப் பிடுங்கி, தன் குச்சிக்கு ஒட்டினாற்போல் பக்கத்திலேயே குத்தினார்.

"இப்ப சொல்லு" என்றார்.

"அம்மா, இது தப்பு" என்றேன். "இப்படி வச்சா சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. ரெண்டு பேருக்கும் எல்லாமே ஒண்ணாத்தான் தெரியும்."

அம்மா தலையாட்டினார். அந்தப் பழத்தை அன்று யாரையும் உரிக்க விடவில்லை. இத்தனை சொல்லியும் அம்மாவுக்குப் பாடம் புரியவே இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.